முஹம்மது அலீயின் குத்துச்சண்டைகள்: மதிப்பெண் தாளோடு ஒரு மறுபார்வை

முஹம்மது அலீயைப் பற்றிப் பேசாதவர் நம் சமுதாயத்தில் குறைவு. அவருடைய ஒரு குத்துச்சண்டையையாவது முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை பார்த்தவரோ மிகமிகக் குறைவு. வாட்ஸ்அப்பில் சுற்றும் அரை நிமிடத் துணுக்குகளில் அலீ நடனமாடுகிறார், எதிராளி காற்றைக் குத்துகிறார், அடுத்த நொடியில் யாரோ விழுகிறார். அந்தத் துணுக்குகளை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அலீ அடியே வாங்காத மனிதராகத் தெரிவார். உண்மை அப்படி இல்லை. 61 போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி. வெற்றிகளில் 37 நாக் அவுட். மீதமுள்ள வெற்றிகளில் பெரும்பாலானவை நடுவர்களின் பென்சில் முனையில் தீர்மானிக்கப்பட்டவை. அவற்றில் சில இன்றுவரை சர்ச்சைக்குரியவை.

சிறுசேரி சிப்காட் மென்பொருள் பூங்காவில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமைகளில் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு அறையில் கூடி, அலீயின் முக்கியமான போட்டிகளை முழுமையாகப் பார்த்து, சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போட்டுவந்தோம். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பேனா. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. போட்டி முடிந்த பிறகுதான் கூட்டிப் பார்ப்போம். அதற்குப் பிறகே அதிகாரபூர்வ நடுவர்களின் கணக்கோடு ஒப்பிடுவோம். இதே முறையில் பார்க்க விரும்புவோருக்குப் பயன்படட்டும் என்று, தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகத்தில் அடிப்பதை நபிமொழி தடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டை ஆகாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். அந்தக் கருத்தை நாங்கள் மறுக்கவில்லை. பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லும் கட்டுரையும் அல்ல இது. நடந்து முடிந்த வரலாற்றைச் சரியாகப் பார்ப்பது பற்றியது.

மதிப்பெண் போடும் முறை

ஒரு சுற்று மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. அலீயின் காலத்தில் பட்டத்துக்கான போட்டி 15 சுற்றுகள். அதாவது, இடையில் முடியாவிட்டால் 59 நிமிடம். ஒவ்வொரு சுற்றையும் தனிப் போட்டியாகக் கருதி மதிப்பிட வேண்டும் என்பதே அடிப்படை விதி. நான்காம் சுற்றில் வாங்கிய பயங்கர அடிக்கு ஐந்தாம் சுற்றில் மதிப்பெண் கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக விழுந்த குத்துகள், பயனளிக்கும் முன்னேற்றம், களத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல், தற்காப்பு. நான்கும் சமம் அல்ல. முதலாவதுக்கே முதலிடம். கையுறையின் முன்பகுதி, தலையிலோ இடுப்புக்கு மேலான உடலிலோ தடையின்றி விழுந்ததா? அதை எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். எதிராளியின் முழங்கையிலும் தோளிலும் விழும் குத்துகள் கூட்டத்துக்கு ஆரவாரம் தரும், தாளில் ஏறாது. முன்னேறிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். முன்னேறி வந்து அடி வாங்கினால் அது துணிச்சல், மதிப்பெண் அல்ல.

இன்று உலகெங்கும் பத்துப் புள்ளி முறை. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை கீழே விழுந்தால் பொதுவாக 8. அலீயின் காலத்தில் இடத்துக்கு இடம் முறை மாறியது. நியூயார்க்கில் புள்ளியே கிடையாது. யார் எத்தனை சுற்று வென்றார் என்ற எண்ணிக்கை மட்டும். மணிலாவில் ஐந்துப் புள்ளி முறை. அதனால் அந்தக் காலத்துத் தாள்களைப் பார்க்கும்போது 8-6-1 என்று இருந்தால், எட்டுச் சுற்று ஒருவருக்கு, ஆறு மற்றவருக்கு, ஒன்று சமம் என்று படிக்க வேண்டும்.

ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்பது எங்களுடைய முக்கியமான பரிந்துரை. வர்ணனையாளர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நம் பேனாவும் சாயும். கூட்டத்தின் இரைச்சல் அதைவிட மோசம். அலீ ஒரு விரலை அசைத்தாலும் அரங்கம் அதிரும். ஒரே போட்டியை ஒலியோடு ஒருமுறையும், ஒலியில்லாமல் ஒருமுறையும் பார்த்தபோது எங்கள் தாள்களில் இரண்டு மூன்று சுற்றுகள் இடம் மாறின. யூடியூபில் கிடைக்கும் பதிவுகளில் வெட்டிச் சுருக்கியவை ஏராளம். ஓட்ட நேரத்தைச் சரிபார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

லிஸ்டனுக்கு முன்னும் பின்னும்

1963 மார்ச் 13 அன்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டக் ஜோன்ஸுடன் நடந்த பத்துச் சுற்றுப் போட்டியிலிருந்து தொடங்கினோம். அப்போது அவர் கேஸியஸ் கிளே. வயது 21. மூன்று தாள்களும் கிளேவுக்கே சென்றன. ஆனால் இரு நடுவர்கள் 5-4-1 என்று எழுத, மூன்றாமவர் 8-1-1 என்று எழுதியிருந்தார். அரங்கம் கூச்சலிட்டது. நாங்களும் 8-1-1 எப்படி வந்தது என்று இரண்டு முறை தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மூன்று பேரும் ஒரே பக்கம் சொல்லிவிட்டதால் மூவரும் ஒரே சண்டையைப் பார்த்தார்கள் என்று ஆகிவிடாது என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது.

1964 பிப்ரவரி 25, மயாமி பீச். ஃபிலாய்டு பேட்டர்சனை இரண்டு முறை முதல் சுற்றிலேயே வீழ்த்திய ஸன்னி லிஸ்டன் உலகச் சாம்பியன். கிளே உயிரோடு திரும்பினால் போதும் என்று நினைத்தவர்களே அதிகம். ஆறு சுற்று முடிந்து ஏழாவதற்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. துணுக்குகளில் இது ஒருதலைப்பட்சமான போட்டியாகவே தெரியும். ஆனால் ஆறு சுற்று முடிவில் நடுவர்களின் கணக்கு என்ன தெரியுமா? ஒருவர் 58-56 கிளேவுக்கு, ஒருவர் 58-56 லிஸ்டனுக்கு, ஒருவர் 57-57. சரிசமம்! கண்ணில் ஏதோ எரிச்சல் ஏற்பட்டுப் பார்வை மங்கிய நிலையில் கிளே ஓடித் தப்பித்த ஐந்தாம் சுற்றை யாரும் அவருக்குத் தர முடியாது. மற்ற சுற்றுகளில் லிஸ்டனின் முன்னேற்றத்தை நடுவர்கள் பெரிதாக எடுத்திருக்க வேண்டும். எங்கள் ஐவரில் நால்வர் கிளேவுக்கு நான்கு சுற்று கொடுத்தோம்.

அதன் பிறகே அவர் இஸ்லாத்தை ஏற்றதை அறிவித்தார். முஹம்மது அலீ என்ற பெயரும் வந்தது. அப்போது அவர் இருந்தது ஏலிஜா முஹம்மதின் இயக்கத்தில். 1975இல் ஏலிஜா முஹம்மது இறந்த பிறகு, அவருடைய மகன் வழிகாட்ட, பொதுவான சுன்னத் ஜமாஅத் நெறிக்கு அலீ வந்தார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவரைப் புகழும்போது இந்த இரண்டு காலகட்டங்களையும் நம்மவர்கள் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

1967 பிப்ரவரி 6, ஹூஸ்டன். எர்னி டெரல் அவரை விடாமல் "கிளே" என்றே அழைத்தார். அதற்கான பதில் 15 சுற்றுகள் நீடித்தது. "என் பெயர் என்ன?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினார் அலீ. தாள்களில் 148-137, 148-137, 148-133. மதிப்பெண் போடுவதற்கு இதைவிட எளிதான போட்டி இல்லை. பார்ப்பதற்கு இதைவிடச் சங்கடமானதும் குறைவு. பெயருக்கான உரிமைப் போராட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்த இரவில், வென்றுவிட்ட பிறகும் ஒரு மனிதரை நீண்ட நேரம் துன்புறுத்தியதும் இருக்கிறது. எங்களில் ஒருவர் பத்தாவது சுற்றோடு பேனாவை வைத்துவிட்டார்.

அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை அலீ மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் களம் ஏற முடியவில்லை. 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியுடன் மோதும்வரை மூன்றரை ஆண்டுகள். 25 வயது முதல் 28 வயது வரையான, ஒரு வீரனின் முழு வலிமைக் காலம். 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவர் மீதான தண்டனையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு அவருடைய கால்களைத் திருப்பித் தரவில்லை. 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த பதிவையும், 1970க்குப் பிந்தைய எந்தப் பதிவையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது புரியும். முன்னவர் அடியிலிருந்து விலகுபவர். பின்னவர் அடியைத் தாங்குபவர்.

ஃபிரேஸியருக்குச் சேர வேண்டியது

1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன். தோல்வியே அறியாத இரு சாம்பியன்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர். அலீயின் ரசிகர்கள் சிலர் இந்தப் போட்டியை "அலீயிடமிருந்து பறித்தார்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தாளோடு உட்கார்ந்தால் அந்தப் பேச்சு நிற்காது. கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபிரேஸியரின் நெற்றியில் விளையாட்டாகத் தட்டுவதும், அடி விழுந்த பிறகு 'வலிக்கவில்லை' என்று தலையாட்டுவதுமாகப் பல நிமிடங்களை அலீ வீணடித்தார். தலையாட்டல் கூட்டத்துக்கு, குத்து தாளுக்கு. 11ஆம் சுற்றில் ஃபிரேஸியரின் இடது ஹூக் அவரை நிலைகுலைய வைத்தது. 15ஆம் சுற்றில் அதே ஹூக் தரையில் வீழ்த்தியது. நடுவர் ஆர்தர் மெர்கன்டே 8-6-1, மற்ற இருவர் 9-6, 11-4, மூன்றும் ஃபிரேஸியருக்கு. 11-4 அதிகம். எங்கள் தாள்களில் மூன்று 9-6, இரண்டு 8-7. ஒன்றுகூட அலீக்கு இல்லை.

இரண்டாம் சந்திப்பு, 1974 ஜனவரி 28. 12 சுற்று, 6-5-1, 7-4-1, 8-4 என அலீக்கு. பிடரியைப் பிடித்து இழுத்து எதிராளியை வேலை செய்யவிடாமல் தடுத்தே பல சுற்றுகளைக் கடத்தினார். நடுவர் அதைக் கண்டிக்காதவரை அது தாளில் தண்டனையாக ஏறாது. வெற்றி சரி, அழகில்லை.

மூன்றாவது, 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவுக்கு அருகே கேஸோன் சிட்டியில். அமெரிக்க ஒளிபரப்புக்காக முற்பகலிலேயே தொடங்கினார்கள். அரங்கத்துக்குள் கொடும் வெப்பம். தொடக்கச் சுற்றுகள் அலீக்கு, நடுப்பகுதி ஃபிரேஸியருக்கு, 12 முதல் 14 வரை மீண்டும் அலீக்கு. 13ஆம் சுற்றில் ஃபிரேஸியரின் பற்காப்பு தெறித்துப் போய் விழுவதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. 14 முடிந்ததும், கண்கள் வீங்கி மூடிய தன் வீரனைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழவிடவில்லை. அப்போது நடுவர் கணக்கு 66-60, 66-62, 67-62. மூன்றிலும் அலீ முன்னணியில். இறுதிச் சுற்று நடந்திருந்தாலும், நாக் அவுட் இல்லாமல் ஃபிரேஸியர் வென்றிருக்க முடியாது. எங்கள் தாள்களில் இடைவெளி இதைவிடக் குறைவு. நடுச் சுற்றுகளில் உடலில் விழுந்த குத்துகளுக்கு நடுவர்கள் போதிய மதிப்புத் தரவில்லை என்பது எங்கள் கருத்து.

தாளில் ஏறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அலீயின் தடைக் காலத்தில் அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்கக் குரல் கொடுத்தவர், பண உதவியும் செய்தவர் ஜோ ஃபிரேஸியர். அவரைத்தான் அலீ "கொரில்லா" என்றும், வெள்ளையரின் அடிமை என்ற பொருள்பட்டும் மேடைக்கு மேடை கேலி செய்தார். ஃபிரேஸியரின் பிள்ளைகள் பள்ளியில் அதைக் கேட்டு வந்தார்கள். ஒருவரை இழிவான பட்டப்பெயரால் அழைப்பதை நம் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2001இல் அலீ இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். முப்பது ஆண்டு தாமதம்.

கின்ஷாசா: கதை வேறு, கணக்கு வேறு

1974 அக்டோபர் 30, ஸயர் நாட்டின் கின்ஷாசா, அதிகாலை 4 மணி. ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 25 வயது. 40 போட்டி, 40 வெற்றி, 37 நாக் அவுட். ஃபிரேஸியரை இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தியவர். அலீக்கு 32.

நாம் கேட்டு வளர்ந்த கதை இப்படி: அலீ கயிற்றில் சாய்ந்து ஏழு சுற்று அடி வாங்கினார், ஃபோர்மன் களைத்தார், எட்டாவதில் ஒரே அடியில் அலீ முடித்தார். தோல்வியின் விளிம்பிலிருந்து வந்த அற்புதம் என்பார்கள். ஆனால் ஏழு சுற்று முடிவில் நடுவர் தாள்கள் 70-67, 69-66, 68-66. மூன்றும் அலீக்கு!

அந்த எண்களைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பத்துப் புள்ளி முறையில் ஒரு சுற்றுக்கு இருவரும் சேர்ந்து 19 புள்ளி, சமமானால் 20. ஏழு சுற்றுக்கு 133. 68-66 என்றால் கூட்டுத்தொகை 134. ஆக ஒரு சுற்று சமம். அலீ இழந்தது 2 புள்ளி, அதாவது இரண்டு சுற்று. ஃபோர்மன் இழந்தது நான்கு. 70-67 எழுதியவரோ ஒரு சுற்றைக்கூட ஃபோர்மனுக்குத் தரவில்லை. நான்கு சமம், மூன்று அலீக்கு.

எப்படி? ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஃபோர்மனின் பயங்கரமான வீச்சுகளில் பெரும்பகுதி அலீயின் முழங்கையிலும் கையுறையிலும் விழுகிறது. அலீ வீசுவது குறைவு, ஆனால் அது நேராக முகத்தில் விழுகிறது. முதல் சுற்றிலேயே வலது கையால் தொடங்குகிறார். அனுபவமுள்ள எதிராளியிடம் யாரும் துணியாத வேலை அது. ஐந்தாம் சுற்று மட்டும் தனிக் கதை. இரண்டரை நிமிடம் ஃபோர்மன் விடாமல் குத்துகிறார். கடைசி அரை நிமிடத்தில் அலீ திருப்பித் தருகிறார். அந்தச் சுற்று யாருக்கு? எங்கள் அறையில் சஹர் நேரம்வரை விவாதம் நடந்தது இதற்குத்தான். இரண்டரை நிமிடத்தை அரை நிமிடம் அழிக்குமா? மூவர் அழிக்கும் என்றோம், இருவர் அழிக்காது என்றார்கள். விழுந்த குத்துகளை எண்ணினால் மூவர் பக்கமே நியாயம் என்று இன்றும் நினைக்கிறோம்.

எட்டாம் சுற்று முடிய இரண்டு நொடி இருக்கும்போது போட்டி முடிந்தது. அதற்கு மதிப்பெண் தாள் தேவையில்லை.

நார்ட்டனும் எங்கள் மனசாட்சியும்

கென் நார்ட்டன் அலீக்கு எப்போதுமே ஒத்துவராத எதிராளி. 1973 மார்ச் 31 அன்று ஸான் டியாகோவில் அலீயின் தாடையை உடைத்து, பிளவுத் தீர்ப்பில் வென்றார். எந்தச் சுற்றில் உடைந்தது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு சொல்லின. ஆறு மாதத்தில் நடந்த மறுபோட்டி அலீக்கு, அதுவும் பிளவுத் தீர்ப்பே.

மூன்றாவது போட்டி 1976 செப்டம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், உலகப் பட்டத்துக்காக. நடுவர் மெர்கன்டே 8-6-1, மற்ற இருவர் 8-7, 8-7. ஒருமனதாக அலீ. கடைசிச் சுற்றை மூவரும் அலீக்கே தந்திருந்தார்கள். அதாவது 14 சுற்று முடிவில் இரு தாள்களில் 7-7. பட்டம் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தில் தொங்கியது. நார்ட்டன் முன்னணியில் இருப்பதாக நம்பிய அவருடைய மூலையிலிருந்தவர்கள் நிதானமாக ஆடச் சொன்னார்கள். அவரும் ஆடினார். தீர்ப்பைக் கேட்டு அழுதுகொண்டே வெளியேறினார்.

இந்தப் போட்டியை நாங்கள் மூன்று முறை பார்த்தோம். முதல்முறை ஒலியோடு: ஐந்தில் நான்கு தாள் அலீக்கு. இரண்டாம்முறை ஒலியில்லாமல்: மூன்று நார்ட்டனுக்கு, ஒன்று அலீக்கு, ஒன்று 7-7-1. மூன்றாம்முறை, வாரம் கழித்து: அதேதான். அலீ நடனமாடிய நிமிடங்களில் நம் கண் அவர் கால்களிலேயே நிற்கிறது. அந்த நேரத்தில் நார்ட்டனின் ஜாப் விழுந்ததைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். அன்று நடுவர்களுக்கும் அதுதான் நடந்திருக்குமோ என்னவோ. களத்தோரம் இருந்த பத்திரிகையாளர்கள் பலரும் நார்ட்டனே வென்றார் என்று எழுதினார்கள்.

எங்களில் ஒருவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாம வேற அலீக்கு எதிரா எழுதணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அலீ நம்மவர். சிறையைவிட மார்க்கம் பெரிது என்று நின்றவர். அவருக்காக இரண்டு சுற்றை விட்டுக்கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? நார்ட்டனுக்கு. அவர் 2013இல் காலமாகிவிட்டார். எங்கள் தாள் அவருக்குப் போய்ச் சேரப்போவதும் இல்லை. ஆனாலும் சாட்சி சொல்லும்போது உறவையும் விருப்பையும் ஒதுக்கி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, அலீ முஸ்லிம் என்பதற்காகவே அவருக்கு ஒரு சுற்றைத் தள்ளிக் கொடுப்பது எப்படி? அவர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதில் 8-7, நார்ட்டனுக்கு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

இந்தப் போட்டி முடிந்த சில நாள்களில் இஸ்தான்புல் சென்றிருந்தபோது அலீ ஓய்வை அறிவித்தார். அதில் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். 1977 மே மாதமே மீண்டும் களத்தில்.

ஷேவர்ஸ், ஸ்பிங்க்ஸ்

1977 செப்டம்பர் 29, எர்னி ஷேவர்ஸ். மதிப்பெண் போடுவோருக்கு இது சுவையான போட்டி. ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நடுவர்களின் கணக்கைத் திரையில் காட்டியது. அலீயின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, உடைமாற்றும் அறையில் ஒருவரைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துக் கணக்கைச் சைகையில் பெற்றுக்கொண்டார். ஷேவர்ஸின் மூலையில் அந்த யோசனை இல்லை. முடிவு 9-6, 9-6, 9-5-1 அலீக்கு. தீர்ப்போடு எங்களுக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் தலையில் விழுந்த வலது கைக் குத்துக்குப் பிறகு அலீ நடிப்பதையும், அது நடிப்பு அல்ல என்பதையும் உற்றுப் பார்த்தால் தெரியும். இதன் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி ஆடக் கூடாது என்று சொல்லிக் கேட்காததால் குழுவைவிட்டு விலகினார்.

லியோன் ஸ்பிங்க்ஸுக்கு எதிரான இரு போட்டிகளையும் விரைவாகக் கடக்கலாம். 1978 பிப்ரவரி 15 அன்று, ஏழே தொழில்முறைப் போட்டிகள் ஆடியிருந்தவரிடம் அலீ பட்டத்தை இழந்தார்: 145-140, 144-141 ஸ்பிங்க்ஸுக்கு, 143-142 அலீக்கு. அந்த மூன்றாம் தாள் அன்புக்கு எழுதியது. செப்டம்பர் 15 அன்று நியூ ஆர்லியன்ஸில் மறுபோட்டியில் வென்று, மூன்றாம் முறையாக உலகப் பட்டம் பெற்ற முதல் ஹெவிவெயிட் ஆனார். ஜாப் வீசி, ஓடி, பிடித்து வென்ற போட்டி.

மதராஸும் லாஸ் வேகாஸும்

1980இன் தொடக்கத்தில் அலீ இந்தியா வந்தார். மதராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எல்லிஸ் அலீயின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்த பால்ய நண்பர், முன்னாள் உலகச் சாம்பியன். 1971இல் ஹூஸ்டனில் அலீயிடம் 12ஆம் சுற்றில் தோற்றவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டையை வளர்த்த வட சென்னைக்கு அது திருவிழா. இந்தியாவில் இருந்தபோதுதான், மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு கேட்டு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்ல வேண்டும் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டரின் வேண்டுகோளும் அவருக்கு வந்தது. இங்கிருந்து தான்சானியாவுக்குப் புறப்பட்டார்.

எங்களில் ஒருவரின் அத்தா அன்று அந்த ஸ்டேடியத்தில் இருந்தவர். அவரிடம் யார் வென்றது என்று கேட்டோம். "ஜெயிக்கிறதுக்கா வந்தாங்க? அவரு ஆடிக் காட்டுனாரு தம்பி, நாங்க பாத்தோம்" என்றார். காட்சிப் போட்டிக்கு மதிப்பெண் இல்லை. அலீக்கு அப்போது 38 வயது. ஓய்வு அறிவித்திருந்தார். நம் ஊர்க்காரர்கள் கடைசியாகப் பார்த்தது சிரித்துக்கொண்டு விளையாடிய அலீயை.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ். ஒருகாலத்தில் அலீக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர், இப்போது சாம்பியன். பத்துச் சுற்று முடிந்ததும் டண்டீ நிறுத்தினார். மூன்று நடுவர் தாள்களிலும் ஒரு சுற்றுகூட அலீக்கு இல்லை. எங்கள் ஐந்து தாள்களிலும் இல்லை. ஹோம்ஸ் நடுவரைப் பார்த்துப் பார்த்துக் குத்துகிறார். நிறுத்துங்கள் என்று கேட்பது போல. அலீ திருப்பிக் குத்தவே இல்லை. 1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது. 1984இல் பார்கின்சன் நோய் அறிகுறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3 அன்று காலமானார்.

அந்த அத்தாவை ஹோம்ஸ் போட்டி பார்க்க அழைத்தோம். வரவில்லை.

பார்க்க விரும்புவோருக்கு

முதலில் டெரல் போட்டியின் நான்கைந்து சுற்றுகளைப் போட்டுப் பழகுங்கள். தவறு நேர வாய்ப்பில்லாததால் கை பழகும். அடுத்து கின்ஷாசா, எட்டே சுற்று, ஓர் இரவுக்குப் போதும். பிறகு ஃபிரேஸியர் முதல் போட்டி. நார்ட்டன் மூன்றாவதைக் கடைசியாக வையுங்கள், கண்டிப்பாக ஒலியில்லாமல். ஒவ்வொரு சுற்றுக்கும் முப்பது நொடிக்குள் எழுதிவிடுங்கள்; எழுதியதை அடிக்காதீர்கள். முடிவெடுக்க முடியாத சுற்றுக்குச் சமம் என்று போடத் தோன்றும். 15 சுற்றில் ஒன்றுக்கு மேல் அப்படிப் போட்டால் நீங்கள் தப்பித்துக்கொள்கிறீர்கள் என்று பொருள். எங்களில் ஒருவர் ஒரே போட்டியில் ஐந்து சமம் போட்டார். இப்போது அவரிடம் தேநீர் வாங்கி வரும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம்.